கண்டிச் சீமையின் சாராயக் குத்தகை

கண்டியிலிருந்து தென்கிழக்கே மலைப்பாதையில் போனால் ஹங்குரன்கெத்த வரும். 1664-இல் நிலம்பையில் தனக்கெதிராகக் கிளர்ச்சி வெடித்த பிறகு, இரண்டாம் இராஜசிங்கன் இங்கே அரண்மனையில் இருந்துதான் ஆண்டான். 1815-இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனதும் அரசனின் நிலங்கள் முடிக்குரிய நிலங்களாயின. 1830-களின் பிற்பகுதியில் ஹங்குரன்கெத்தவின் அரச தோட்டத்தை ஒருவர் விலைக்கு வாங்கிக் காப்பி நட்டார். அவர் பிரித்தானியத் துரையுமல்லர், கண்டிப் பிரதானியுமல்லர். கரையோர மொறட்டுவையில் 1797-இல் பிறந்த ஜெரோனிஸ் டி சொய்சா. கண்டியில் அவர் நடத்திய வணிகமும் எடுத்த சாராயக் குத்தகையும் சேர்த்துக் கொடுத்த பணம் அது.

இன்று ஒருவர் தன் பெயரில் ஒரு மதுபானத்தைச் சந்தைக்குக் கொண்டுவர நினைத்தால், சுவையையும் போத்தலின் வடிவத்தையும் லேபிளையும் பற்றித்தான் முதலில் யோசிப்பார். கண்டிப் பகுதியின் மது வணிக வரலாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இங்கே சாராயத்துக்குப் பெயரே கிடையாது. பீப்பாவில் வந்தது, அளந்து ஊற்றப்பட்டது, அவ்வளவுதான். விலை போனது அதை விற்கும் உரிமை. எந்த ஊரில், எத்தனை தவறணையில், யார் விற்கலாம் என்ற அந்த உரிமையை அரசாங்கமே ஏலம் போட்டது. இலங்கையின் பெரும் பணக்காரக் குடும்பங்கள் பலவற்றின் தொடக்கம் அந்த ஏலத்தில் இருக்கிறது. மலையகத்தின் பல துயரங்களும் அங்கேதான் தொடங்கின.

அதற்கு முன் கண்டியில் மது இல்லாமலில்லை. 1660 முதல் 1679 வரை இராஜசிங்கனின் பிடியில் இருந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், தப்பிச் சென்று 1681-இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் கித்துள் மரத்தைப் பற்றி ஆசையோடு எழுதுகிறார். சாதாரண மரமொன்று நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் இனிப்புச் சாறு தரும், குடிக்க இதமானது, தண்ணீரைவிடக் கடுமையானதல்ல, காய்ச்சினால் கருப்பட்டி ஆகும் என்பது அவர் கணக்கு. குடிவெறியைக் கண்டி மக்கள் வெறுத்தார்கள், அதில் விழுந்தவர்கள் அதிகமில்லை என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். கைதியாக இருந்தவர் தன்னைப் பிடித்து வைத்தவர்களைப் புகழ வேண்டிய தேவை இல்லை என்பதால் இந்தச் சாட்சியத்துக்கு எடை உண்டு.

கித்துள் வேலை இன்றும் அதே முறையில்தான் நடக்கிறது. விரியாத பாளையைத் திறந்து, சுண்ணாம்பு, மிளகு, உள்ளி போன்றவற்றை அரைத்த மருந்தை உள்ளே வைத்துக் கட்டுவார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் மருந்தின் பக்குவத்தை வெளியே சொல்லாது. சில நாட்கள் கழித்துப் பாளையின் நுனியைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவ, சாறு சொட்டத் தொடங்கும். பானைக்குள் ஹல் மரப்பட்டைத் துண்டொன்றைப் போட்டுவைத்தால் சாறு புளிக்காது. அதைக் காய்ச்சினால் பாணி, இன்னும் இறுக்கிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. பட்டை போடாமல் விட்டால் சில மணி நேரத்தில் கள். ஒரே மரம், ஒரே பானை; இனிப்பா கள்ளா என்பதை அந்தப் பட்டைத்துண்டு முடிவு செய்தது. காசு புழக்கம் குறைந்த கண்டிக் கிராமங்களில் இது பெரும்பாலும் வீட்டுத் தேவைக்கான வேலையாகவே இருந்தது.

கரையோரத்தின் கதை வேறு. அங்கே தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயம் ஒல்லாந்தர் காலத்திலேயே வருமானப் பொருள். விற்கும் உரிமையை ஆண்டுதோறும் குத்தகைக்கு விடும் வழக்கத்தைப் பிரித்தானியர் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கண்டி விழுந்ததும் அதே முறை மலைக்கும் ஏறியது. 1844-ஆம் ஆண்டின் 10-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வடிப்பையும் விற்பனையையும் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்தது.

ஏலம் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் நடக்கும். அரசாங்க அதிபர் முன்னிலையில் ஒரு மாவட்டத்துக்கான சில்லறை விற்பனை உரிமைக்குக் கேட்பார்கள். அதிகம் கேட்டவருக்கு அந்த ஆண்டு அந்தப் பகுதி முழுவதும் ஏகபோகம். ஏலத்தொகையைத் தவணையாகக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் ஈடாகக் கொடுத்த சொத்து போகும். எனவே நிலமோ வீடோ உள்ளவர், அல்லது அவற்றை உடையவரின் பிணை பெற்றவர்தான் கூட்டத்தில் நிற்க முடியும். ரொக்கம் தேவைப்பட்டபோது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் உதவின. எடுத்தவர் தவறணைகளை உள்குத்தகைக்கு விடுவார், அவர் கீழே இன்னொருவர், அவருக்கும் கீழே கடையில் நின்று அளந்து ஊற்றுபவர். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தது என்பது அக்காலத்தில் எல்லோரும் அறிந்த குறை. கேட்பவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஏலத்தொகையைத் தாழ்த்துவதும் நடந்தது. அதிகாரிகளுக்கு அது தெரியும். அதை உடைக்க அவர்களும் வழி தேடினார்கள், ஆனால் குத்தகை முறையைக் கைவிட மனம் வரவில்லை. குடிப்பவரிடமிருந்து காசைத் திரட்டும் வேலை முழுவதையும் இன்னொருவர் தன் செலவில் செய்து, வருடத் தொகையைக் கொண்டுவந்து கட்டுகிறார். இதைவிட வசதியான வரி ஓர் அரசாங்கத்துக்கு வாய்ப்பது அரிது.

சாராயம் வந்த வழியும் கவனிக்கத்தக்கது. மொறட்டுவை, பாணந்துறை, களுத்துறைக் கரையில் வடித்ததை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொழும்பு–கண்டி வீதியில் அனுப்பினார்கள். அந்த வீதியைப் போட்ட கப்டன் டோசன் 1829-இல் இறந்தார். அவர் நினைவாக 1832-இல் எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவை உச்சியில் இன்னும் நிற்கிறது. படைகளை விரைவாக மலைக்குள் அனுப்பப் போட்ட வழி அது. அதே வழியில் ஏறும் வண்டிகளில் அரிசியும் கருவாடும் சாராயமும் போயின, இறங்கும் வண்டிகளில் காப்பிக்கொட்டை வந்தது. ஒரே குடும்பத்துக்கு வண்டியும் தவறணையும் காப்பித் தோட்டமும் இருந்தால் இரு திசையிலும் இலாபம். 1867-இல் ரயில் கண்டிக்கு வரும்வரை இந்த வண்டிப் போக்குவரத்தே மலையின் உயிர்நாடி.

ஜெரோனிஸ் டி சொய்சாவும் அவர் தம்பி சூசேவும் வளர்ந்தது இந்த ஏற்பாட்டில்தான். மத்திய மாகாணத்தின் பெரிய குத்தகைக்காரர்கள் என்று பெயரெடுத்தார்கள். 1853-இல் ஆளுநர் ஜோர்ஜ் அண்டர்சன் ஜெரோனிசுக்கு முதலியார் பட்டம் வழங்கினார். அதுவரை அரசாங்க உத்தியோகத்தோடு ஒட்டியிருந்த பட்டம் ஒரு வணிகரின் கொடைக்காகக் கிடைத்தது. அவர் கட்டிய தேவாலயம் 1860-இல் மொறட்டுவையில் எழுந்தது. மகன் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா 1870-இல் எடின்பரோ கோமகன் இளவரசர் அல்பிரட்டுக்குக் கொழும்பு மாளிகையில் பொன் தட்டு வைத்து விருந்து கொடுத்தார். மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று அவர் கொடுத்த கொடைகளால் இன்றைக்கும் பயன்பெறுகிறவர்கள் உண்டு. அந்தக் கொடைகளை மதிக்கலாம். மதிக்கும்போதே, மூலதனம் எந்த மலையடிவாரத் தவறணைகளில் சில்லறையாகச் சேர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்தன 2000-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விரிவாக நிறுவினார்: இலங்கை முதலாளி வர்க்கத்தின் முதல் திரட்சியில் சாராயக் குத்தகைக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த உலகத்தை உள்ளிருந்து காட்டும் அரிய சான்று ஒன்றும் கண்டியிலிருந்து கிடைத்திருக்கிறது. ஜெரோனிஸ் டி சொய்சாவின் மருமகன் ஜெரோனிஸ் பீரிஸ், 1829-இல் பிறந்தவர், கொழும்பு அக்கடமியில் ஆங்கிலம் கற்றவர். 1850-களில் மாமனின் தொழிலைக் கவனிக்கக் கண்டிக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து தம்பி லூயிசுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களை மைக்கல் றொபர்ட்ஸ் 1975-இல் பதிப்பித்தார். குத்தகைக்காரர் என்றதும் மனதில் எழும் முரட்டுத் தவறணைக்காரரின் படத்துக்கும் இந்த இளைஞருக்கும் சம்பந்தமில்லை. விக்டோரியா காலத்து ஆங்கில நடையில் எழுதப் பழகிய கை, அதே நாளில் சாராயக் கணக்கையும் எழுதியது. பின்னாளில் சகோதரர்கள் சொந்தமாகக் குத்தகை எடுத்துப் பெரும் செல்வர்களானார்கள். ஒரு தலைமுறைக்குள் தவறணை, தோட்டம், ஆங்கிலப் பள்ளி, கொழும்பு மாளிகை என்று நகர்ந்த வேகம் இந்தக் குடும்பங்களுக்கே உரியது.

அந்தத் தவறணைகளில் குடித்தவர்கள் யார்? கண்டிச் சிங்களக் கிராமத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் காப்பி பரவப் பரவ, பெருகிய கூட்டம் மன்னார் வழியாக நடந்து மாத்தளை தாண்டி மலை ஏறி வந்த தமிழ்த் தொழிலாளர்கள். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்தவர்கள். கூலி மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கும். கிடைத்த நாளில் தோட்டத்துக்கு வெளியே, வீதி திரும்பும் இடத்தில் தவறணை இருக்கும். குளிரும் மழையும் அட்டையும் நிறைந்த மலையில் பகல் முழுதும் உழைத்தவனுக்கு எளிதில் எட்டிய ஒரே ஆறுதல் அதுதான். தோட்டத் துரைமாரின் சங்கம் 1854-இல் கண்டியில்தான் பிறந்தது. வேலையாள் மறுநாள் வேலைக்கு வரமாட்டான் என்பதற்காகத் தவறணைகளைப் பற்றித் துரைமார் அடிக்கடி முறையிட்டார்கள். கூலியை ஒழுங்காகக் கொடுப்பதைப் பற்றி அவ்வளவு அக்கறை காட்டவில்லை. 1869-இல் காப்பி இலைத் துரு நோய் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தவறணை மட்டும் அசையாமல் நின்றது.

குத்தகை முறைக்கு முடிவு கட்டுவதாகச் சொல்லி வந்தது 1912-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். மதுவரித் திணைக்களம் பிறந்தது அதன் கீழ்தான். சாராயத் தவறணையையும் கள்ளுத் தவறணையையும் பிரித்து நிருவகிப்பது திட்டம். அதன் விளைவாகத் தீவெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளுத் தவறணைகள், அதுவரை ஒன்றுமே இல்லாத ஊர்களிலும், திறக்கப்பட இருந்தன. மக்கள் கொதித்தார்கள். விகாரைகளிலும் பள்ளிகளிலும் கூட்டங்கள் நடந்தன. குடிக்கமாட்டோம் என்று ஆயிரக்கணக்கானோர் உறுதிமொழி எடுத்தார்கள். எப். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க, டபிள்யூ. ஏ. டி சில்வா என்று பின்னாளில் நாட்டின் அரசியலை நடத்தியவர்களில் பலர் முதலில் மேடையேறியது மதுவிலக்குக் கூட்டங்களில்தான். சேனாநாயக்க சகோதரர்களின் தந்தை தொன் ஸ்பேற்றர் காரீயச் சுரங்கங்களோடு சாராயக் குத்தகையிலும் ஈடுபட்டவர், பின்னர் மதுவிலக்குக்காகவும் உழைத்தவர். ஒரே வீட்டுக்குள் இரண்டும் இருந்திருக்கின்றன. அதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணத்தின் கனம் தெரிந்தவர்களே அதற்கெதிராகப் பேசினார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

1915-இல், கண்டி ஒப்பந்தத்தின் நூறாவது ஆண்டில், வெசாக் இரவன்று கண்டி நகரில் பௌத்த ஊர்வலத்துக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே மூண்ட மோதல் சிங்கள–முஸ்லிம் கலவரமாகத் தீவெங்கும் பரவியது. பிரித்தானிய அரசாங்கம் அதைத் தனக்கெதிரான சதியாகக் கண்டது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். கலவரத்தில் முஸ்லிம்கள் இழந்த உயிர்களும் கடைகளும் ஒரு கொடுமை. அதைச் சாக்காக வைத்து மதுவிலக்குக்காரர்களைச் சிறையில் அடைத்தது இன்னொன்று. தவறணை வருமானத்தைத் தொட்டவர்களை அரசாங்கம் எவ்வளவு சந்தேகத்தோடு பார்த்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பின்னர் ஊர் மக்கள் வாக்களித்துத் தவறணையை மூடும் முறை வந்தது. 1920-களில் பல ஊர்கள் அதைப் பயன்படுத்தின. 1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தி, கண்டிக்கும் தோட்டப் பகுதிகளுக்கும் சென்றபோது தொழிலாளர்களிடம் குடியை விடச் சொன்னார். தோட்டத்து ஆட்களுக்கோ ஊர் வாக்கெடுப்பில் குரல் மிகக் குறைவு.

பெயருள்ள போத்தல் வருவது இவ்வளவுக்கும் பிறகு. றொக்லண்ட் வடிசாலை 1924-இல் தொடங்கியது. இலங்கையில் மது வடிக்க உரிமம் பெற்ற முதல் தனியார் கம்பனி தாங்களே என்று அது சொல்கிறது. பீப்பாவில் வந்து அளந்து ஊற்றப்பட்ட சரக்கு முத்திரையிட்ட போத்தலுக்குள் போனதும், வடித்தவர் யார் என்பது குடிப்பவருக்கு முதல்முறையாகத் தெரிய வந்தது. கலப்படம் செய்தால் கெடுவது தன் பெயர் என்ற அச்சம் வடிப்பவருக்கும் வந்தது. தென்னஞ்சாராயத்தைச் சாவண்டலை மரத் தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் ஊறவைக்கும் வழக்கம் கரையில் இருந்தது. எத்தனை ஆண்டு பழையது என்று லேபிளில் அச்சிட்டபோது அந்தக் காத்திருப்புக்கும் ஒரு விலை கிடைத்தது.

லேபிள் ஒன்று எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இலங்கையில் நல்ல எடுத்துக்காட்டு ஒரு ஜின். இரண்டாம் உலகப் போர் நடந்த 1940-களில் வெளிநாட்டுச் சரக்கு வருவது தடைப்பட்டது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். கண்டியும் சுற்றுப்புறமும் ஆயிரக்கணக்கான நேசநாட்டு உத்தியோகத்தர்களால் நிரம்பின. மாலையில் ஜின் கேட்கும் கூட்டம் அது; தீவில் ஜின் இல்லை. றொக்லண்டின் கார்ல் டி சில்வா விஜேரத்ன அரசாங்கத்தை இணங்கவைத்து உள்ளூரிலேயே ஜின் வடிக்க அனுமதி பெற்றார். வழக்கமாகச் சேர்க்கும் வெளிநாட்டு மூலிகைகளில் கிடைக்காதவற்றுக்குப் பதிலாகக் கறுவாப்பட்டை, இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்தார். பஞ்சகாலத்தில் கைக்கு எட்டியதைப் போட்டுச் செய்த ஏற்பாடு அது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து அதே குடும்பம் ஜூனிப்பர், கொத்தமல்லி உட்பட ஏழு சரக்குகள் சேர்ந்த அந்தக் கலவையைக் ‘கொலம்போ நம்பர் செவன்’ என்ற பெயரில் வெளிநாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனது. போர்க்காலத்தில் பதிலுக்குப் போட்ட கறிவேப்பிலையே இப்போது அதன் அடையாளம்.

சாராயம் இதற்கிடையே அரசாங்கத்தின் கைக்குள் போயிற்று. 1974-இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் உருவானது. 1992-இல் தனியாருக்கு விற்கப்பட்டது. கண்டி நகரத்து வைன் ஸ்டோரிலும் நாவலப்பிட்டியின் கடையிலும் அதிகம் கேட்கப்படும் ‘எக்ஸ்ட்ரா ஸ்பெஷல்’ அந்த மரபின் சரக்கு. விலை குறைந்த வகைகளில் தென்னஞ்சாராயத்தோடு கரும்புக் கழிவுப்பாகின் மதுசாரமும் கலக்கும். தனித் தென்னஞ்சாராயம் விலை கூடியதாக மேல் தட்டில் இருக்கும். விலை குறைந்ததையும் வாங்க முடியாதவர் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்துக்குப் போகிறார். வரி ஏறும் ஒவ்வொரு தடவையும் மலைத்தோட்டங்களில் கசிப்பின் பிடி இறுகுகிறது.

இன்று கண்டியில் ஒருவர் சொந்த லேபிள் தொடங்க நினைத்தால் அவர் முன்னே இருக்கும் பாதை இதுதான். புதிய வடிசாலை உரிமம் எளிதில் கிடைப்பதில்லை. எனவே உரிமம் வைத்திருக்கும் ஒரு கம்பனியிடம் பேசி, அவர்கள் வடிசாலையில் தன் பக்குவத்தில் செய்துகொடுக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு போத்தலிலும் மதுவரித் திணைக்களத்தின் ஒட்டி இருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கத் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபைச் சட்டத்தின்படி விளம்பரம் செய்யக் கூடாது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. போயா நாட்களில் கடை பூட்டு. எசல பெரஹரா நாட்களில் தலதா மாளிகையைச் சுற்றிய நகரிலும் பூட்டு. கண்டிக் கடைகளில் வாடிக்கையாளர் தட்டைத் தானே துழாவிப் பார்ப்பதில்லை. கம்பிக்கு இப்பால் நின்று பெயர் சொல்லிக் கேட்பார். விளம்பரமில்லாத புதுப் பெயரை யார் சொல்வார்? அதனால்தான் புதிய லேபிள்களின் கண் சுற்றுலா ஹோட்டல்களின் மீதும் ஏற்றுமதியின் மீதும் இருக்கிறது. குத்தகைக் காலத்தில் ஏலத்தொகை எதைத் தீர்மானித்ததோ, அதை இப்போது உரிமம் தீர்மானிக்கிறது. கித்துள் சீவுகிறவருக்கும் இதிலிருந்து விலக்கில்லை. பாணியைப் போத்தலில் அடைத்துப் பெயர் ஒட்டிச் சூப்பர்மார்க்கெட்டுக்கு அனுப்பலாம். அதே பானைச் சாறு புளித்துக் கள்ளாகிவிட்டால் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் கேட்பது பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கும் 1912-ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம்.